நாற்பதாவது நாள் ஓசை: டெல்டாவில் பேஸ் கிட்டாருக்கு எந்தத் தந்தி?

போன ஆடி மாதம் மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வந்தான். தோளில் உறை போட்ட பேஸ் கிட்டார். யாரோ சில காலம் வாசித்துவிட்டு விற்ற நான்கு தந்திக் கருவி. மரம் நன்றாக இருந்தது, கழுத்தும் கோணவில்லை. தந்திகள் மட்டும் துருவேறிக் கிடந்தன. தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது.

“அண்ணா, இதற்கு எந்த ஸ்ட்ரிங் போடலாம்? கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இணையத்தில் வாசித்துக் காட்டுவதைக் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன” என்றான்.

இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் வாசித்து, கைக்காசைப் போட்டு நான் கற்றுக்கொண்ட பதில் ஒன்று உண்டு. தந்தியின் முதல் நாள் ஓசையை நம்பாதீர்கள். நாற்பதாவது நாள் அது எப்படி ஒலிக்கும் என்று கேளுங்கள். இணையத்தில் நாம் கேட்பவை பெரும்பாலும் புதிதாக மாட்டிய தந்திகள். மூடிய அறையில் வாசிக்கப்படுபவை. நாம் வாசிப்பதோ கோயில் திடலில், தகரக் கூரை போட்ட கல்யாண மண்டபத்தில், கடலை ஒட்டிய ஊர்களின் திருவிழா மேடையில். விளக்குச் சூட்டில் முழங்கை வரை வியர்த்து வழியும். அந்த வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து தந்தியை என்ன செய்கின்றன என்பதைப் பார்க்காமல் இங்கே எந்தத் தேர்வும் சரியாக அமையாது.

அவனுடைய நிலைமையைக் கேட்டுக்கொண்டேன். ஆடி முதல் தை வரை திருவிழாக் கச்சேரிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தரங்கம்பாடி பக்கம் ஒரு தேவாலயத்தில் வாசிப்பு. வீட்டில் 1980களின் இளையராஜா பாடல்களைக் கேட்டு, அவற்றின் பேஸ் வரிகளைப் பழகுகிறான். ஒரே கருவி மூன்று வேலைக்கும் போக வேண்டும். டெல்டாவில் பேஸ் வாசிக்கும் பலருடைய நிலைமை இதுதான் என்பதால், அவனுக்குச் சொன்னதை விரிவாகவே எழுதுகிறேன்.

ரவுண்ட்வவுண்டும் பிளாட்வவுண்டும்

பேஸ் தந்தியின் நடுவில் ஓர் எஃகுக் கம்பி இருக்கும். அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். சுற்றியது உருண்டைக் கம்பியானால் ரவுண்ட்வவுண்ட். வெளிச்சுற்று தட்டையான பட்டையானால் பிளாட்வவுண்ட். முதலாவதில் விரலை ஓட்டினால் மேடுபள்ளம் தெரியும். இரண்டாவது வழுவழுவென்று போகும். பெரிய முடிவு இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

1951இல் பெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது பிளாட்வவுண்டுதான் வழக்கம். 1960களின் அமெரிக்கச் சோல் (soul) இசைப் பதிவுகளில் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் தடிமனான லா பெல்லா பிளாட்வவுண்டுகளை மாட்டி, அறுந்தாலன்றி மாற்றாமல் வாசித்தவர். 1966இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் ‘தி ஹூ’ ராக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து ரவுண்ட்வவுண்டை உருவாக்கிய பிறகுதான், பியானோவின் கீழ்ப்பகுதியைப் போலக் கணீரென்று ஒலிக்கும் பேஸ் பரவியது. இன்று கடையில் “பேஸ் ஸ்ட்ரிங்” என்று மட்டும் கேட்டால் எடுத்துத் தருவது ரவுண்ட்வவுண்டுதான்.

ரவுண்ட்வவுண்டின் அழகு அந்தப் பள்ளங்களில் இருக்கிறது. அதன் கேடும் அங்கேதான். புதிதாக இருக்கும்போது மேல் சுரங்கள் (அடிச் சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) நிறைந்து, ஒவ்வொரு தட்டலும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். வாசிக்க வாசிக்க வியர்வையும் தோலின் அழுக்கும் பள்ளங்களில் இறங்குகின்றன. தந்தியின் எடை இடத்துக்கு இடம் மாறிப்போகிறது, சுற்றுகள் தாராளமாக அசைய முடிவதில்லை, மேல் சுரங்கள் முதலில் சாகின்றன. அத்தோடு நில்லாமல் சுருதியும் கெடும். விரல் வைக்காத திறந்த தந்தி சரியாக இருக்கும், மேலே போகப் போக விலகும். வறண்ட ஊர்களில் மாதக்கணக்கில் நடப்பது நம்மிடம் வாரக்கணக்கில் நடந்துவிடுகிறது. நாகப்பட்டினத்தில் இரண்டு இரவுக் கச்சேரி முடித்துத் துடைக்காமல் உறையில் போட்ட தந்தி, மூன்றாம் நாள் மங்கிப் போயிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பிளாட்வவுண்டுக்கு அழுக்கு இறங்கப் பள்ளமே கிடையாது. முதல் நாளே அதன் ஓசை அடங்கியது, ஆழமானது. கம்பியின் ஒலியைவிட மரத்தின் ஒலி தூக்கலாகக் கேட்கும். சில வாரம் வாசித்த பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றுவிடும். இரண்டு, மூன்று ஆண்டுகள் மாற்றாமல் வாசிப்பவர்கள் உண்டு. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் கணக்குப் போடுங்கள்: ஆண்டுக்கு மூன்று முறை ரவுண்ட்வவுண்ட் மாற்றுகிறவர் இரண்டு ஆண்டில் ஆறு செட் வாங்குவார். அதே காலத்துக்குப் பிளாட்வவுண்ட் ஒரு செட் போதும். மூன்றில் ஒரு பங்கு செலவு. முதல் நாள் அதிகமாகக் கொடுக்கப் பலருக்குக் கை வராது. விதைநெல்லில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதை இங்கேயும் சொல்லலாம்.

அப்படியானால் எல்லோரும் பிளாட்வவுண்டுக்கு மாறிவிட வேண்டியதுதானே? அங்கேதான் ஒலிபெருக்கியின் கதை வருகிறது.

ஊரில் எந்தப் பெட்டி பாடுகிறது?

பேஸின் நான்கு தந்திகளில் தடித்ததான ஈ (E) தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98. அந்த அடிச் சுரத்தைக் காற்றில் தள்ளப் பெரிய கூம்பு கொண்ட பெட்டி வேண்டும். நல்ல சவுண்ட் சர்வீஸ் வந்து 18 அங்குல சப் ஊபர்களை மேடையின் இருபுறமும் அடுக்கினால் நெஞ்சுக்கூட்டில் தெரியும். ஆனால் நம் ஊர்த் திருவிழாவில் மேடையைச் சுற்றிக் கேட்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் தெருமுனையிலும் வயலோரத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் குழாயால் அநேகமாக ஒன்றும் பாட முடியாது. பேஸின் அடிச் சுரம் அங்கே போய்ச் சேருவதே இல்லை.

இருந்தும் குழாயில் பேஸ் கேட்கிறது. எப்படி? மேல் சுரங்கள் வரிசையாக வந்து சேர்ந்தால், இல்லாத அடிச் சுரத்தையும் நம் காது தானாகவே கட்டி எழுப்பிக்கொள்ளும். மனிதச் செவியின் இந்த இயல்பு வியக்கத்தக்கது. சின்ன வானொலியில் பேஸ் வரியை முணுமுணுத்தபடி நாம் வளர்ந்ததும் இதனால்தான். ஆக, மேல் சுரம் நிறைந்த ரவுண்ட்வவுண்ட் குழாயிலும் பிழைக்கும். பிளாட்வவுண்ட் அங்கே காணாமல் போய்விடும். மேடையில் அருமையாகக் கேட்டதே, தெருவில் ஏன் பேஸே இல்லை என்று குழம்பிய நாட்கள் எனக்கு உண்டு.

தேவாலயத்தில் கதை தலைகீழ். உயர்ந்த கூரை, கல் சுவர், நீண்ட எதிரொலி. தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் போன்ற பழைய கட்டடத்துக்குள் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள், புரியும். புது ரவுண்ட்வவுண்டின் கணீர் ஒலியும், விரல் நகரும்போது எழும் கீச்சொலியும் அங்கே சுவரில் மோதித் திரும்பி, பாடுகிறவர்களின் சொற்கள்மேல் விழும். பிளாட்வவுண்ட் அடியில் அமைதியாக உட்கார்ந்து பாட்டைத் தாங்கும். கீர்த்தனைகளுக்கும் பழைய மெதுவான பாடல்களுக்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் கேட்டதில்லை.

எனவே ஓசையில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தப் பெட்டி, எந்தக் கூரை என்று முதலில் பாருங்கள்.

மற்ற வகைகள்

ரவுண்ட்வவுண்டுக்குள்ளேயே சுற்றுக்கம்பியின் உலோகத்தில் தேர்வு இருக்கிறது. நிக்கல் பூசிய எஃகு நடுத்தரம். பளபளப்பும் உண்டு, மென்மையும் உண்டு, எங்கும் கிடைக்கும். தூய நிக்கல் கொஞ்சம் மங்கலான, கனிந்த ஓசை. ஸ்டெயின்லெஸ் எஃகுதான் எல்லாவற்றிலும் பளீரென்றது. அது துருவை நன்றாகத் தாங்கும் என்பது கடலோரத்தில் சின்ன விஷயம் அல்ல. நிக்கல் தந்தியை ஒரே வாரத்தில் கறுப்பாக்கும் வியர்வை சிலருக்கு உண்டு; அவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் கூடுதலாக உழைக்கும். ஆனால் அழுக்கு இறங்குவதை அது தடுக்காது. கடினமான உலோகம் என்பதால், கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டைகளான பிரெட்டுகளையும் வேகமாகத் தேய்க்கும். பிரெட் மாற்றித் தரத் தெரிந்தவரைத் தேடி நாம் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று யோசித்தால், இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பூச்சுத் தந்திகள் இன்னொரு வழி. எலிக்ஸர் போன்ற நிறுவனங்கள் சுற்றுகளின்மேல் மெல்லிய பாலிமர் படலம் போடுகின்றன. பள்ளத்துக்குள் வியர்வை இறங்காது. விலை சாதாரண செட்டின் இரண்டு மடங்கை ஒட்டி வரும். என் கையில் ஆயுளும் இரண்டரை, மூன்று மடங்கு வந்தது. முதல் நாள் ஓசை சாதாரண ரவுண்ட்வவுண்டைவிட ஓர் இழை மங்கல். நாற்பதாவது நாள் அதைவிட மிகத் தெளிவு. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும். அந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் தொடர்ந்து வாசிப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். விரலால் வாசிப்பவருக்கே இது ஏற்றது. பிக் என்ற சிறு தகட்டை வைத்து ஓங்கி அடித்தால் அடிபடும் இடத்தில் படலம் நாராக உரியும்.

உருண்டைக் கம்பியைச் சுற்றிய பின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கிய அரைத்தட்டைத் தந்திகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவான ஓசை. தேடிப் பிடிப்பது கடினம். நைலான் பட்டை சுற்றியது நின்று வாசிக்கும் பெரிய மரக் கருவியான டபுள் பேஸை நினைவூட்டும், பிரெட் இல்லாத பேஸில் மிக இனிமை. உள்ளே எஃகு இருப்பதால் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப்பும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கருவி வைத்திருப்பவர் இந்த இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தடிமன்: ஒரு முறை முடிவெடுத்தால் போதும்

தந்தி வரும் உறையில் 45-65-85-105 என்று எண்கள் இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. ஜி தந்தி 1.14 மில்லிமீட்டர், ஈ தந்தி 2.67 மில்லிமீட்டர். மெல்லிய செட் 40 முதல் 95 அல்லது 100 வரை. தடித்தது 50 முதல் 110 வரை.

எண்ணில் சிறிய வேறுபாடு, கையில் பெரிய வேறுபாடு. ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் இழுவிசை தந்தியின் எடையைப் பொறுத்தது. எடையோ ஏறத்தாழத் தடிமனின் இருமடியில் ஏறும். ஜி தந்தி 45இலிருந்து 40க்கு இறங்கினால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நான்கு தந்தியும் சேர்ந்து கழுத்தை எழுபது, எண்பது கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு எதிராக கழுத்தின் உள்ளேயிருந்து தாங்குவது டிரஸ் ராடு என்ற உலோகக் கம்பி. தடிமனை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சமநிலை கலையும்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒரு தடிமனைத் தேர்ந்தெடுங்கள், கருவியை அதற்கு அமைத்துவிடுங்கள், பிறகு அதிலேயே இருங்கள். இந்த மாதம் 40, அடுத்த மாதம் 50 என்று மாற்றுகிறவரின் பேஸ் ஒருநாளும் சரியாக அமைந்திருக்காது. தொடங்குகிறவருக்கு 45-105 நல்ல நடுநிலை. விரல் மெலிந்தவர்களும் மூன்று மணி நேரக் கச்சேரியில் கை வலிப்பவர்களும் 40-100 போடலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

நம் குழுக்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பாடகரின் குரலுக்கு ஏற்பக் கீபோர்டுக்காரர் சுருதியை மொத்தமாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். பேஸுக்கு அந்தப் பொத்தான் கிடையாது. பாட்டு டி கட்டைக்கு இறங்கினால், நான்கு தந்தி பேஸில் அந்தக் கீழ் டி இல்லை. ஈ தந்தியை இரண்டு அரைச்சுரம் தளர்த்தினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு போய், தந்தி தொளதொளவென்று பிரெட்டில் அடிக்கும். அடிக்கடி இப்படி இறக்க வேண்டியவருக்கு 110 ஈ தந்தி உதவும். இல்லையென்றால் ஐந்து தந்தி பேஸ்தான் வழி. அதன் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். 125ஐவிட 130 அதில் திடமாக நிற்கும்.

வாங்குமுன் நீளத்தையும் பாருங்கள். பெரும்பாலான பேஸ்களில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்குவது) பிரிட்ஜ் வரை (உடலில் தந்தியைத் தாங்குவது) 34 அங்குலம். 30 அங்குலக் குட்டி பேஸ்களும் உண்டு. அவசரத்தில் ஒரு கடையில் எடுத்துக் கொடுத்ததைப் பார்க்காமல் வாங்கி வந்தேன். குட்டை பேஸுக்கான செட். மாட்டியபோது, முனையில் பட்டு நூல் சுற்றிய பகுதி நட்டுக்கு உள்ளே வந்து நின்றது. அன்றைய கச்சேரிக்குப் பழைய தந்தியையே திரும்ப மாட்டிக்கொண்டு போனேன்.

மாட்டுவது

புதிய தந்தி செத்துப் பிறப்பது பெரும்பாலும் வெட்டும் இடத்தில்தான். தன் ட்யூனிங் கீயின் தூணைத் தாண்டிப் பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, அங்கே குறடால் செங்கோணமாக மடக்குங்கள். மடக்கிய பிறகு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி நடுக்கம்பிமேல் நழுவித் தளர்ந்துவிடக்கூடும். அப்படித் தளர்ந்த தந்தி எவ்வளவு முறுக்கினாலும் பாடாது. புத்தம்புது ஈ தந்தி ஒன்றை இப்படி நான் இழந்திருக்கிறேன். ஊருக்குள் மாற்றுத் தந்தி கிடைக்காத ஓர் ஆடி வெள்ளிக்கிழமை அது.

நுனியைத் தூணின் நடுத்துளைக்குள் செருகி, சுற்றுகள் மேலிருந்து கீழே இறங்கும்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. அப்போதுதான் தந்தி நட்டின்மேல் அழுத்தி உட்காரும். சுருதிக்கு ஏற்றியதும் நட்டை ஒட்டியும் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சாடிலை ஒட்டியும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி மடிப்பைப் படிய வையுங்கள். தந்தி அங்கே வில்லாக வளைந்து நின்றால் சுருதி நிலைக்காது. பிளாட்வவுண்டை உடலுக்குள் துளை வழியாகக் கொண்டுவந்து கூர்மையாக வளைப்பதைத் தவிர்க்கலாம். பிரிட்ஜின் பின்புறமாகவே மாட்டுவது நல்லது. தடித்த செட்டுக்கு மாறினால், நட்டின் பள்ளத்தில் தந்தி முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் பள்ளத்தை அரம் கொண்டு விரிக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அமைப்பது

மாட்டிய அன்றே எதையும் திருகாதீர்கள். ஓர் இரவு சுருதியில் நிற்கட்டும். மறுநாள் மீண்டும் சுருதி சேர்த்து, முதலில் கழுத்தின் வளைவு, அடுத்துத் தந்தியின் உயரம், கடைசியாக இன்டொனேஷன், அதாவது மேல் பிரெட்டுகளிலும் சுருதி விலகாமல் நிற்கும்படி அமைப்பது. வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும்.

கழுத்து ஆணியடித்தாற்போல் நேராக இருக்கக் கூடாது. அதிரும் தந்திக்கு இடம் தரும்படி சற்றே குழிந்திருக்க வேண்டும். முதல் பிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஈ தந்தியைக் கடைசிப் பிரெட்டில் அழுத்திப் பிடித்தால் தந்தியே அளவுகோல் ஆகிவிடும். எட்டாவது பிரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் சரி. இதை அளக்க இசைக்கருவிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பைக் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி பார்க்கும் பீலர் கேஜ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், அதில் 0.30 தகடு இருக்கும். இடைவெளி அதிகமானால் டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று, குறைந்தால் இடப்பக்கம் கால் சுற்று. அலன் கீயின் அளவு பிசகினால் திருகின் வாய் வழுக்கிவிடும், அதில் கவனம். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போக வேண்டாம். இறுகித் திரும்ப மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சரிபார்ப்பை ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்தாக வேண்டும். சித்திரை வெயிலில் இருந்த மரம் ஐப்பசி அடைமழையில் அப்படியே இருக்காது. ஈரத்தைக் குடித்துக் கழுத்து அசையும், நேற்று வரை சுத்தமாகப் பாடிய மூன்றாம் பிரெட் இன்று கரகரக்கும். தந்தியில் பழுது என்று நினைத்துப் புதுச் செட் வாங்கியவர்களைத் தெரியும். பழுது தந்தியில் இல்லை, வளைவில்.

உயரத்தைப் பதினேழாவது பிரெட்டில், முதல் பிரெட்டில் கேப்போ இருக்கும்போதே அளக்கலாம். ஈ தந்திக்கு 2.4, ஜி தந்திக்கு 2 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். மேடையில் ஓங்கி வாசிப்பவர் சற்று உயர்த்திக்கொள்ளட்டும்.

இன்டொனேஷன் என்பது நம் ஊருக்குப் புதிய விஷயமே அல்ல. தஞ்சாவூர் வீணையில் பிரெட்டுகளான 24 மெட்டுகளையும் மெழுகின்மேல் ஒவ்வொன்றாக வைத்து, காதால் கேட்டு நகர்த்திச் சுரத்தானத்தில் நிறுத்துவதை மேளம் கட்டுவது என்கிறோம். அங்கே மெட்டு நகர்கிறது, பேஸில் சாடில் நகர்கிறது, நோக்கம் ஒன்றே. வயலின் நம் கைக்கு வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. திருவாரூரில் பிறந்த பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் அதைக் கையில் எடுத்தார்கள். அந்த வழியில் வந்த நம் வித்வான்கள் இன்று ஸ-ப-ஸ-ப என்று தந்திகளை நமக்கேற்பச் சேர்த்து வாசிக்கிறார்கள். கருவி எங்கிருந்து வந்தாலும், சுருதி நிற்கும்படி அமைக்க வேண்டியது வாசிக்கிறவரின் பொறுப்பு.

முறை எளிது. திறந்த தந்தியை ட்யூனரில் சரியாகச் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டாவது பிரெட்டை வாசிக்கும் அளவுக்கே அழுத்தித் தட்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே சரியாக வர வேண்டும். கூடினால் நீட்டு, குறைந்தால் குறுக்கு: சுருதி கூடியிருந்தால் சாடிலைப் பின்னே தள்ளித் தந்தியை நீட்டுங்கள்; குறைந்திருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். நகர்த்துமுன் தந்தியைச் சற்றுத் தளர்த்துங்கள், நகர்த்தியபின் மீண்டும் சுருதி சேர்த்துப் பாருங்கள். பழைய தந்தியில் இதைச் செய்யவே கூடாது. அழுக்கேறிய தந்தியின் பொய்ச் சுருதிக்குக் கருவியை அமைத்துவிட்டால், புதுத் தந்தி வந்ததும் எல்லாம் விலகி நிற்கும்.

துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வீணை வாசிப்பவர்கள் விரல் வழுக்கிப் போக எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு ரவுண்ட்வவுண்டில் எண்ணெய் பூசாதீர்கள், பள்ளம் நிறைந்துவிடும். வாசிக்குமுன் கை கழுவுங்கள். முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டு உறையில் போடுங்கள். செத்த ரவுண்ட்வவுண்டை வெந்நீரில் கொதிக்க வைத்து உயிர்ப்பிக்கும் பழக்கம் உண்டு. அழுக்கு கரையும், பளபளப்பு சில நாள் திரும்பும். நன்றாக உலர்த்தாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். கைவசம் வேறு செட் இல்லாத நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி எதை எடுத்தான்?

முழுக்கத் தேவாலயத்தில் மட்டும் வாசிப்பவனாக இருந்தால் பிளாட்வவுண்ட் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். உள்நாட்டில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கல்யாணக் கச்சேரிகள் மட்டும் என்றால் நிக்கல் ரவுண்ட்வவுண்ட் 45-105. சீசனுக்கு ஒன்று, நடுவில் ஒன்று. அவனுக்குக் குழாயும் உண்டு, கல்சுவரும் உண்டு, கடற்காற்றும் உண்டு. பூச்சு போட்ட 45-105 ரவுண்ட்வவுண்டைச் சொன்னேன். தேவாலயத்தில் பேஸின் டோன் குமிழைப் பாதிக்கு இறக்கி, பிரிட்ஜை விட்டுத் தள்ளிக் கழுத்தோரமாக விரலை வைத்து வாசித்தால் கணீர் அடங்கிவிடும். இருக்கும் மேல் சுரத்தைக் குறைக்க முடியும். இல்லாததைக் கூட்ட எந்தக் குமிழாலும் முடியாது. ஒரே கருவிக்கு ரவுண்ட்வவுண்டைச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். நாளை இரண்டாவது பேஸ் ஒன்று வாங்கினால், அதில் பிளாட்வவுண்டை மாட்டித் தேவாலயத்துக்கென்றே வைத்துவிடலாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அவன் அடுத்த வாரமே வாங்கி மாட்டினான். கார்த்திகையில் அழைத்து, ஈ தந்தி இரண்டாம், மூன்றாம் பிரெட்டில் கரகரக்கிறது என்றான். பீலர் கேஜ் எங்கே என்று கேட்டேன். அளந்து பார்த்து, இடைவெளி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றான். இடப்பக்கம் கால் சுற்றுத் திருகச் சொன்னேன். மறுநாள் காலை அளந்தபோது தகடு சரியாக உட்கார்ந்தது, கரகரப்பும் போய்விட்டது. கழற்றிய பழைய தந்திகளில் ஈயையும் ஏயையும் துடைத்துச் சுருட்டி, உறையின்மேல் எண் எழுதி, குறட்டோடு சேர்த்துக் கச்சேரிப் பையில் வைத்திருக்கிறான்.